ஒன்றையொன்று நம்பி நிற்கும் கட்டங்கள்



ஓர் உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு என் அத்தை மகள் கணினியின் முன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். தந்தையை இழந்தவள் அவள். இணையப் படிவத்தில் 'தந்தையா, பாதுகாவலரா?' என்ற வினாவிற்குப் 'பாதுகாவலர்' என்று குறித்தாள். உடனே தந்தையின் பெயர், தொழில், வருமானம் ஆகியவற்றைக் கேட்கும் கட்டங்கள் மறைந்து, பாதுகாவலரின் பெயரைக் கேட்கும் கட்டம் தோன்றியது. அதில் என் அப்பாவின் பெயரை எழுதினாள். எல்லாம் நிரப்பியாயிற்று. 'சமர்ப்பி' என்பதை அழுத்தினால் ஒன்றும் நிகழவில்லை. பிழை என்ற செய்திகூட இல்லை. பத்துத் தடவை அழுத்திப் பார்த்தாள்.

காரணம் யாதென்பது கணினி அறிவியல் பாடம் கற்கத் தொடங்கிய பின்னரே எனக்கு விளங்கிற்று. தந்தையின் பெயர் கட்டாயம் வேண்டும் என்று படிவத்தை எழுதியவர் 'ரிக்வயர்டு' என்னும் குறிப்பை இட்டிருக்கிறார். பாதுகாவலரைத் தேர்ந்தெடுத்ததும் அக்கட்டத்தைக் கண்ணுக்கு மறைத்தாரே தவிர, அந்தக் குறிப்பை நீக்கவில்லை. உலாவியோ அது வெறுமையாக இருப்பதைக் கண்டு படிவத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அக்கட்டத்தில் செய்தியைக் காட்ட முயல்கிறது. கட்டம் மறைந்திருப்பதால் காட்ட இயலவில்லை. ஆகவே அனுப்பவும் இல்லை, சொல்லவும் இல்லை! மறைக்கும்போதே 'டிஸேபிள்டு' என்று அக்கட்டத்தை முடக்கியிருந்தால் உலாவி அதைச் சோதிக்காது. அதிலுள்ளதை அனுப்பவும் செய்யாது. ஒரு சொல்லில் தீரவேண்டிய வேலை.

ஒரு கட்டத்தின் விடை சரியா என்பது மற்றொரு கட்டத்தைப் பொறுத்திருக்கும்போதுதான் இத்தகைய தொல்லைகள் எழுகின்றன. 'வயது எண்ணாக இருக்கிறதா?' என்று பார்ப்பது எளிது. ஹெச்.டி.எம்.எல். மொழியிலேயே அதற்கு வழி உண்டு. ஆனால் 'முடியும் நாள் தொடங்கும் நாளுக்குப் பின் வருகிறதா?' என்று இரு கட்டங்களை ஒப்பிட அம்மொழியில் நேரடி வழி இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் நாமே எழுதவேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். கட்டத்தில் எண்ணை எழுதினாலும் அது நிரலுக்குச் சொல்லாகவே வந்து சேர்கிறது. பெற்ற மதிப்பெண் 95, மொத்த மதிப்பெண் 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால், அகராதி வரிசைபோல முதல் எழுத்தைப் பார்த்து, ஒன்பது ஒன்றைவிடப் பெரிது, ஆகவே 95தான் பெரிது என்று கணினி தீர்ப்புச் சொல்லிவிடும். முதலில் எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிடவேண்டும். (நம் விடைத்தாள்களை இந்தக் கணினி திருத்தினால் எப்படியிருக்கும்!)

பிறந்த தேதி மூன்று கட்டங்களாகக் கேட்கப்பட்டால் சிக்கல் இன்னும் நயமானது. 29 என்பது சரியான நாளா? மாதத்தைக் கேட்கவேண்டும். மாதம் பிப்ரவரி என்றால் ஆண்டையும் கேட்கவேண்டும். 1582-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது, நூற்றாண்டு ஆண்டுகளுள் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள் என்று வகுக்கப்பட்டது. எனவே 2000-இல் பிப்ரவரி 29 உண்டு, 1900-இல் இல்லை. 2023, பிப்ரவரி 29 என்று மூன்று எண்களாக ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால் அது மறுப்பதில்லை; மெல்ல மார்ச் 1 ஆக்கிவிடுகிறது. ஆகையால் தேதியை உருவாக்கியபின், நாம் கொடுத்த மாதமே அதில் இருக்கிறதா என்று திரும்பப் பார்ப்பது நல்ல உபாயம்.

பிழைச் செய்தியைக் காட்டுவதிலும் பக்குவம் தேவை. இரண்டாம் கட்டம் வெறுமையாக இருக்கையிலேயே 'தேதி பொருந்தவில்லை' என்று கடிந்துகொள்ளலாகாது. மாணவி முதல் கட்டத்தைத் திருத்தினால் இரண்டாம் கட்டத்தில் நிற்கும் சிவப்பு எழுத்து மறையவேண்டும். இரண்டில் எது மாறினாலும் சோதனை மீண்டும் நடக்கவேண்டும் என்பதே இதன் பொருள். பல படிவங்கள் தவறுவது இங்குதான். உலாவியில் செய்யும் சோதனையை எவரும் தாண்டிச் செல்ல முடியுமாதலால், இத்தனையையும் சர்வரிலும் மறுமுறை செய்தாக வேண்டும்.

அத்தை மகளின் கதையை முடிக்கவில்லையே! இரவு எட்டு மணிக்கு அவளே ஒரு வழி கண்டாள். மறுபடியும் 'தந்தை' என்று குறித்து, தோன்றிய கட்டங்களில் பெயருக்குக் 'காலமானார்' என்றும், தொழிலுக்கு 'இல்லை' என்றும், வருமானத்திற்கு 0 என்றும் எழுதினாள். பின்னர் 'பாதுகாவலர்' என்று மாற்றி அழுத்தினாள். படிவம் போய்விட்டது. மறைந்த கட்டங்கள் முடக்கப்படாததால் அவற்றில் எழுதியவையும் உடன் சென்றிருக்கும். எங்கோ ஒரு தரவுத்தளத்தில், அவளுடைய தந்தையின் பெயர் 'காலமானார்' என்றே இன்றும் பதிவாகியிருக்கக்கூடும்.