பேறுகாலத் துணை

பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு உடனிருப்பவர் டூலா. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குப் பணிப்பெண் என்று பொருள். இவர் மருத்துவச்சி அல்லர். மருந்து கொடுப்பது இவர் வேலையன்று. மூச்சை நிதானமாக விடச் சொல்வார்; இடுப்பைப் பிடித்துவிடுவார்; தாதி சொன்னது புரியாவிட்டால் விளக்குவார்.

வெறும் ஆறுதல்தானே என்று தோன்றலாம். ஆனால், குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடத்தப்பட்டு 1980இல் வெளியான ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. துணையின்றி இருந்த தாய்மாருக்குப் பிரசவம் சராசரியாக 19.3 மணி நேரம் நீடித்தது. துணை பெற்றவர்களுக்கோ 8.8 மணி நேரமே! இத்தனைக்கும் அத்துணைவியர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர்; அத்தாய்மாருக்கு முன்பின் அறிமுகமும் இல்லாதவர்கள். ஆய்வு சிறியதுதான். எனினும், பின்னர் வேறு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளிலும் அறுவைப் பிரசவங்கள் குறைந்தது தெரியவந்தது.

பிள்ளை பிறந்த பின்பும் டூலா வீட்டுக்கு வருவார். உறவினர் எல்லாரும் குழந்தையைச் சூழ்ந்து நிற்க, இவர் மட்டும் தாயிடம், “சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா?” என்று கேட்பார்.