கடலில் தொடங்கி நிலக்கடலைக்கு வந்த படிப்பு



எங்க ஊர் சேரன்மகாதேவி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், அதைத் தாண்டி மேட்டில் கொஞ்சம் மானாவாரி நிலம். வைகாசி பிறந்தால் பக்கத்து வயல் அண்ணாச்சி தவறாமல் கேட்பார்: "தம்பி, இந்த வருஷம் எல் நினோ வருதாம்லா? நாத்து பாவவா, சும்மா கெடக்கவா?"

இந்தக் கேள்விக்கு நானே இரண்டு முறை தப்பாக விடை கண்டு கையைச் சுட்டுக்கொண்டேன். 2015-இல் பெரிய எல் நினோ. "மழை இருக்காது" என்று நானாகவே முடிவு கட்டி, புரட்டாசியில் மானாவாரி நிலத்தை விதைக்காமல் போட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் வழக்கத்தைவிடப் பாதிக்கு மேல் கூடுதல். மறுவருஷம் எல் நினோ போய்விட்டது, இனி நல்ல மழைதான் என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் நம்பி, நிலம் முழுக்க உளுந்து மட்டும் விதைத்தேன். 2016 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் மழை 62 விழுக்காடு குறைவு. முளைத்த உளுந்து பூக்கும் முன்பே காய்ந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது.

எங்கே தப்பு நடந்தது என்று தேடிப் படிக்கப் போய்த்தான் சுலோச்சனா காட்கில் அம்மாவின் ஆய்வுகளுக்கு வந்து சேர்ந்தேன். காட்கில் என்றதும் நமக்கு நினைவு வருவது 2011-இல் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி அறிக்கை தந்த குழுவின் தலைவர் மாதவ் காட்கில். அவருடைய துணைவியார் இவர்.

கடல் நீரோட்டத்தில் தொடங்கியவர்

1944-இல் பூனாவில் பிறந்தவர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1970-இல் முனைவர் பட்டம். எடுத்துக்கொண்ட பொருள், வளைந்து நெளிந்து ஓடும் கடல் நீரோட்டங்கள். கடலுக்குள்ளும் ஆறு மாதிரி ஓட்டம் உண்டு. நம்ம பொருநை மாதிரி அதுவும் வளையும், இடம் மாறும். 1971-இல் நாடு திரும்பினார். பூனாவில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1973-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரே கேள்விதான்: இந்த மழை ஏன் ஒரு வருஷம் வருகிறது, ஒரு வருஷம் ஏமாற்றுகிறது? 2025 ஜூலையில், 81 வயதில் காலமானார்.

முதல் பாடம்: மழை, வெறும் கடல் காற்று அல்ல

கோடையில் நிலம் சூடாகிறது, கடல் குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால் காற்று நிலத்தை நோக்கி வீசி மழை தருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது மட்டும்தான் காரணம் என்றால் வெயில் கொளுத்துகிற மே மாதத்தில்தான் அதிக மழை பெய்ய வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் நிலம் இன்னும் சூடாகத்தானே கிடக்கிறது?

1980-இல் சிக்கா என்ற வானிலை அறிஞரும் இவரும், செயற்கைக்கோள் எடுத்த அன்றாட மேகப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய வெதுவெதுப்பான கடல்மேல் மேகப் பட்டை ஒன்று உருவாகிறது. அது மெல்ல வடக்கே நகர்ந்து நாட்டுக்குள் வருகிறது. சில வாரம் கழித்து இன்னொன்று. இப்படிக் கடல் திரும்பத் திரும்ப அனுப்பினால்தான் தென்மேற்குப் பருவமழை உயிரோடு இருக்கும். இடைவெளி நீண்டால் நமக்கு வறண்ட நாட்கள்.

இரண்டாம் பாடம்: 28 பாகை

கடல்மேல் எங்கே மேகம் திரளும்? 1984-இல் இவரும் இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்: கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 28 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் பெரிய மேகத் திரட்சி அரிது. மேலே இருந்தால் வரலாம்; வந்தே தீரும் என்றில்லை. விதைப்புப் பதம் மாதிரிதான். பதம் இல்லாட்டி முளைக்கவே முளைக்காது. பதம் இருந்தும் சில விதை முளைக்காது.

இந்தியாவின் காலநிலை ஆய்வுத் திட்டத்தை வகுத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் திட்டத்தில் 1999-இல் கப்பல்கள் வங்கக் கடலுக்குப் போய் அளந்தன. மழை பெய்து குளிர்ந்த கடல், சில நாளிலேயே மறுபடி சூடேறி அடுத்த மேகத்துக்குத் தயாராகிறது. காரணங்களில் ஒன்று, கங்கையும் பிரம்மபுத்திராவும் பிற ஆறுகளும் கொண்டு கொட்டும் நன்னீர். உப்பு நீரைவிட எடை குறைவு என்பதால் அது மேலே மெல்லிய படலமாக நிற்கிறது. வெயிலில் சீக்கிரம் சூடாகிறது. "ஆத்துத் தண்ணி கடலுக்குப் போய் வீணாகுது" என்று இனிமேல் சொல்லும்போது கொஞ்சம் யோசிப்போம்.

மூன்றாம் பாடம்: எல் நினோ மட்டும் அல்ல

எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது. அது வந்தால் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். ஆனால் 1997-இல் மிகப் பெரிய எல் நினோ வந்தும் நாட்டில் மழை சராசரிக்குக் குறையவில்லை. 2002-இல் அவ்வளவு பெரியது இல்லை. ஆனால் ஜூலை மழை பாதியாகி, பருவம் முழுக்க 19 விழுக்காடு குறைந்தது.

இவரும் வினயச்சந்திரன் உள்ளிட்டோரும் 2004-இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். நம்ம இந்தியப் பெருங்கடலுக்கும் ஓர் ஊஞ்சல் உண்டு. சாதாரணமாக, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு வேகமான நீரோட்டம் கிழக்கே ஓடி, சூடான நீரைச் சுமத்ராப் பக்கம் சேர்க்கிறது. விர்ட்கி என்ற கடலியலாளர் 1973-இல் இதை எடுத்துச் சொன்னார். சில வருஷம் காற்று திசை மாறும். அப்போது சூடான நீரும் மேகமும் ஆப்பிரிக்கப் பக்கம் கூடும். சுமத்ராப் பக்கம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். மேகம் மேற்கே கூடினால் நம் தென்மேற்குப் பருவத்துக்கு நல்லது; கிழக்கே கூடினால் கெடுதல். 1997-இல் இந்த ஊஞ்சல் நமக்குச் சாதகம், 2002-இல் பாதகம். ஆக, இரண்டு கடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்ம பொருநைக்கு இதில் என்ன?

இவருடைய வேலை பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தைப் பற்றியது. நமக்கோ இரண்டு பருவமும் வேணும். கார் சாகுபடிக்குத் தென்மேற்குப் பருவத்தில் பொதிகை மலையில் பெய்து பாபநாசம் அணைக்கு வரும் தண்ணீர். பிசானத்துக்கும் மானாவாரிக்கும் வடகிழக்குப் பருவம்.

எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவம் இளைக்கும் வாய்ப்பு அதிகம். அதே எல் நினோ வருஷத்தில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். 2015-இல் நான் தவறியது இங்கேதான். கார் பருவத்துச் செய்தியை எடுத்துப் புரட்டாசி விதைப்புக்குப் போட்டுப் பார்த்தேன். 2023-ஐ எடுங்க. எல் நினோ வருஷம். ஆகஸ்டில் நாட்டின் மழை 36 விழுக்காடு குறைவு. அதே வருஷம் டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்து, நம் ஆற்றங்கரை ஊர்களெல்லாம் மிதந்தன. அந்த ஒரு நாள் மழைக்கு எல் நினோதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. "எல் நினோன்னா வறட்சி" என்ற ஒற்றை வரி நம்ம பக்கத்துக்குப் பொருந்தாது என்கிறேன்.

இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல் நினோவுக்கு நேர்மாறான லா நினா இருந்த 2021-இல் நமக்கு மழை கொட்டியது. கடல் சொல்வது வாய்ப்பு, வாக்குறுதி அல்ல.

நிலக்கடலை சொன்ன பாடம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கடல் படித்தவர் உழவர்களிடம் போய் உட்கார்ந்தார். ஆந்திராவின் அனந்தப்பூரும் அதை ஒட்டிய கர்நாடகத்துப் பாவகடாவும் மழை குறைந்த மானாவாரி பூமி. அங்கே சிறுதானியமும் பயறும் கலந்து விதைத்த காலம் போய், நிலக்கடலையே ஒற்றைப் பயிராகிவிட்டது. பழைய பயிர்களுக்கு எப்போது விதைப்பது என்பது தலைமுறை அனுபவத்தில் இருந்தது. புதிதாக வந்த பயிருக்கு அந்த அனுபவம் இல்லை. ஜூன் கடைசியில் முதல் மழை கிடைத்ததும் விதைத்துவிடுவார்கள்.

சேஷகிரி ராவ் உள்ளிட்டோருடன் சேர்ந்து, பல பத்தாண்டு மழைப் பதிவை எடுத்து, "இந்தத் தேதியில் விதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று வருஷம் வருஷமாகக் கணக்குப் போட்டார். ஜூலை நடுவுக்குப் பிறகு விதைத்தால் பயிர் தவறும் ஆபத்து குறைவு என்று வந்தது. அந்தப் பக்கம் மழை கூடுவது செப்டம்பரில். காய் பிடிக்கும் நேரம் அதோடு பொருந்துகிறது. சுருள்பூச்சியையும் மழையோடு சேர்த்துப் பார்த்தார்கள். வறண்ட நாள் நீண்டால் பெருகும். நல்ல மழை அடித்தால் அடங்கும்.

2006-இல் இன்னொரு கணக்கும் வெளியிட்டார். மழை பொய்த்தால் நாட்டின் விளைச்சல் நிறைய விழுகிறது. மழை நன்றாகப் பெய்தாலோ அந்த அளவுக்கு ஏறுவதில்லை. மானாவாரியில் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் போடும் பணம் பெரும்பாலான வருஷங்களில் திரும்புவதில்லை என்பதால் உழவர் அதைச் செய்யத் தயங்குகிறார் என்றார். அவர் இயற்கை வேளாண்மைக்காரர் அல்ல. ஆனால் உழவரின் தயக்கத்தை அறியாமை என்று சொல்லாமல் கணக்கு என்று பார்த்தார். வெளியிலிருந்து வாங்கும் செலவைக் குறைத்தவனுக்கு மழை பொய்த்த வருஷமும் கடனில்லாமல் கழியும் என்பது நம் அனுபவம்.

வீட்டுப்பாடம்

ஒன்று, மழைமானி வையுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா போதும். காலையில் அளவுகோல் விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர்.

இரண்டு, விதைத்த தேதி, பூத்த தேதி, வறண்ட நாட்கள், பூச்சி வந்த நாள் எல்லாவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

மூன்று, வானிலைச் செய்தி கேட்டால் "எந்தப் பருவத்துக்கு? எந்தப் பகுதிக்கு?" என்று கேளுங்கள்.

நான்கு, ஒரே நாளில் ஒரே பயிரை முழு நிலத்திலும் விதைக்காதீர்கள். நான் இப்போது மானாவாரியில் கம்பு, சோளம், உளுந்து, பாசி, எள் கலந்து, இரண்டு தவணையாக விதைக்கிறேன். ஒன்று தவறினால் ஒன்று நிற்கிறது.

அண்ணாச்சி இப்போதும் கேட்கிறார். "காருக்கு அணையைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம் அண்ணாச்சி. தண்ணி சந்தேகம்னா தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுவோம். பிசானத்தை இப்பவே கைவிட வேண்டாம்" என்கிறேன். "நோட்டுல என்ன எழுதிருக்கு, அதை வாசி" என்கிறார் அவர்.