கம்ப்யூட்டரை நாமே பூட்டலாம்



"கம்ப்யூட்டரைக் கோர்க்கிறதெல்லாம் நம்மால ஆகுமா?" என்று குழுக்களில் கேட்கிறார்கள். ஆகும். பூட்டுவது சுலபம், பொருத்தம் பார்த்து வாங்குவதில்தான் சூட்சுமம்.

வேண்டியவை: பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேபினட். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி.

வாங்கும்போது:
1. பிராசசரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டா என்று பாருங்கள். ஏஎம்4 போர்டுக்கு டிடிஆர்4 ராம், ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5. மாறிப்போனால் கடன் வாங்கிய பணம் முடங்கிப்போகும்.
2. பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தனி கார்டு வாங்கணும்.
3. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். அது கெட்டால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடலாம்.
4. ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. சீரியல் நம்பரோடு பில் கேட்டு வாங்குங்கள்.

பூட்டும்போது:
1. கரண்ட் இணைப்பு இருக்கக் கூடாது. முதலில் கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும்.
2. பிராசசர் மூலையிலுள்ள முக்கோணக் குறியை சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வையுங்கள். தானாக உட்காரும், அமுக்க வேண்டாம்.
3. ராமை மட்டும் 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

நாமே பூட்டினால், நாளைக்கு ராம் போனால் ராமை மட்டும் மாற்றலாம். "முழுசும் போச்சு" என்று யார் சொன்னாலும் திறந்து பார்த்து, கேள்வி கேட்கிற தைரியம் வரும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம்ம குழுவில் முதலில் யார் கற்றுக்கொள்ளப் போகிறோம்?