24 தெரியும், அந்த 6 எது?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு ஆர்டர்களில் 'குரோமியம் 6 கூடாது' என்கிறார்கள். குரோமியத்தின் அணு எண் 24. 6 என்றால் கார்பன் என்றுதானே படித்தோம்? இது வேறு தனிமமா? எங்கள் எக்ஸ்ரே கருவியில் பார்த்தால் தெரியாதா?
— வாசகி, ஆம்பூர்

பதில்: படித்தது சரிதான். ஆனால் இந்த 6 அணு எண் இல்லை.

அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அணு எண். 24 இருந்தால் குரோமியம். ஒன்று குறைந்தால் வனேடியம், கூடினால் மாங்கனீசு. டேனரி டிரம்மில் சுழன்றாலும் பாலாற்றில் கலந்தாலும் அந்த 24 மாறாது. வேதிவினையில் கைமாறுவது வெளியே உள்ள எலக்ட்ரான்கள் மட்டுமே. மூன்றை இழந்தால் குரோமியம் 3, கணக்குப்படி ஆறை இழந்தால் குரோமியம் 6.

தோல் பதனிடப் போடுவது 3. அது கொலாஜன் புரதத்தைப் பற்றிக்கொண்டு தோலை 'வெட் புளூ' எனும் ஈரமான நீலத் தோலாக ஆக்குகிறது. 6 அப்படியல்ல. குரோமேட் வடிவில் அது சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட் போகும் வழியாகவே உடல் செல்லுக்குள் நுழைந்துவிடும். மூச்சில் தொடர்ந்து போனால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுமேட்டைப் பற்றி இன்றும் கவலைப்படுவது இந்த 6-க்காகத்தான்.

உங்கள் கருவிக்கு மூலம் ஹென்றி மோஸ்லி. தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிரின் அதிர்வெண் அணு எண்ணோடு சேர்ந்து ஒழுங்காக ஏறுவதை 1913-இல் காட்டினார். (இரண்டே வருடத்தில், 27 வயதில், கலிப்போலி போர்முனையில் இறந்தார். நோபல் வாங்கியிருக்க வேண்டியவர்.) ஆகவே கருவி 24-ஐப் பிடித்துவிடும், ஆனால் அது 3-ஆ 6-ஆ என்று சொல்லாது. குரோமியம் பூஜ்யம் என்று காட்டினால் சரி. இருக்கிறது என்று காட்டினால் லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கே தோலை நறுக்கி, பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து வடித்து, டைபீனைல்கார்பசைடு சேர்ப்பார்கள். 6 இருந்தால் செவ்வூதா நிறம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 3 மில்லிகிராம். இந்த 3 இன்னொரு 3, குழம்ப வேண்டாம்!

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சூடு, வறட்சி, தோலுக்கு ஏற்றும் மீனெண்ணெய் போன்ற கொழுப்பு, இவை சேர்ந்தால் தோலில் இருக்கும் 3-இல் ஒரு சிறு பங்கு பிறகு 6 ஆகலாம். டேனரியில் தேறிய தோல் ஷூ ஆன பிறகு தேறாமல் போவது இதனால்தான். தயாரான ஷூவிலிருந்தும் சாம்பிள் அனுப்புங்கள். மறுபதனிடும்போது வாட்டில் பட்டைச் சாறு கொஞ்சம் சேர்க்கிறார்களா என்று டேனரியிலும் கேளுங்கள். சேர்த்தால் 6 உருவாவது குறைகிறது.