கணிப்பொறிக்கு உறுப்புகள் தெரிந்தெடுத்தல்

எங்கள் விடுதியின் படிப்பறையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த கணிப்பொறி ஒன்று இருந்தது. அதில் இயங்கிய விண்டோஸ் 10 மென்பொருளுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுபோயின. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் அந்தப் பழைய செயலிக்கு இடமில்லை. புதுக் கணிப்பொறியைக் கடையில் முழுதாக வாங்குவதா, உறுப்புகளை வாங்கி நாமே கூட்டுவதா என்ற பேச்சு எழுந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இரண்டாவதற்கு அனுமதி கேட்டுப் பெற்றோம். மாதா பிறந்தநாள் விழாவில் சுண்டலும் முறுக்கும் விற்றுச் சேர்த்த தொகையே எங்கள் முதல். அடுத்த ஆண்டு இப்பணியில் இறங்கக்கூடிய தங்கையருக்காக, நாங்கள் கற்றதையும் இழந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

எந்த உறுப்பையும் விலை கேட்கும் முன், இந்தப் பொறி யாருக்கு, எதற்கு என்று எழுதிக்கொள்ள வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டவை தமிழில் தட்டச்சு, பாடங்களைப் படமாகப் பார்த்தல், பைத்தான் நிரல் எழுதுதல் ஆகியவையே. விளையாட்டுக்கு என்று விற்கும் விலையுயர்ந்த வரைகலை அட்டை இதற்கு வேண்டாம். அதை நீக்கியதுமே பட்டியலின் கூட்டுத்தொகை வெகுவாக இறங்கியது.

முதலில் செயலி. இன்டெல் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஐ3-12100 என்ற செயலியைத் தெரிந்தெடுத்தோம். அதற்கு நான்கு உள்ளகங்கள் உண்டு. எங்கள் வேலைக்கு அது தாராளம். அதே எண்ணோடு 'எஃப்' என்ற எழுத்து சேர்ந்த இன்னொன்று விலை குறைவாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து அதையே பட்டியலில் எழுதியிருந்தோம். பள்ளியின் பழைய மாணவியான அக்கா ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "திரைக்குப் படம் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கிற்று. 'எஃப்' எழுத்துள்ள செயலியில் படம் வரையும் பகுதி வேலை செய்யாது. தனி வரைகலை அட்டை வைத்தே தீர வேண்டும். ஓர் எழுத்தைக் கவனியாமல் வாங்கியிருந்தால் கறுப்புத் திரையின் முன் அமர்ந்திருப்போம்.

அந்தத் தவறு தப்பியது, அடுத்தது தப்பவில்லை.

கடைக்காரர்கள் மதர்போர்டு என்பதைப் பாடநூல் தாய்ப்பலகை என்கிறது. மற்ற உறுப்புகள் எல்லாம் இதன்மேல்தான் அமர்கின்றன. செயலியின் அடியிலுள்ள தொடுபுள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இதில் குழி அமைந்திருக்கும். எங்கள் செயலிக்கு 1700 புள்ளிகள்; ஆகவே அதற்கான குழியுள்ள எச்610 வகைப் பலகையை முடிவு செய்தோம். இதற்குள் ராம் எனப்படும் நினைவகத்தின் விலை ஏறத் தொடங்கியிருந்தது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததால், 2025இன் பிற்பகுதியில் உலகெங்கும் இந்த ஏற்றம் காணப்பட்டது. நாளைக்கு இன்னும் ஏறிவிடுமே என்ற பதற்றத்தில், பலகை வருமுன்பே 8 கிகாபைட் டிடிஆர்5 பட்டை ஒன்றை வாங்கிவிட்டோம்.

பலகை வந்தது. பட்டை அதில் அமர மறுத்தது. எச்610 என்ற ஒரே பெயரில் டிடிஆர்4 ஏற்கும் பலகையும் உண்டு, டிடிஆர்5 ஏற்கும் பலகையும் உண்டு. எங்களுக்கு வந்தது முதல் வகை. இரண்டு நினைவகங்களுக்கும் 288 தொடுமுனைகளே, நீளமும் ஒன்றே. ஆனால் அடிவிளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். மாற்றிச் செருகாதிருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். நல்லவேளையாக யாரும் பலங்கொண்டு அழுத்தவில்லை. உறை பிரித்த பொருளைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. சிஸ்டரிடம் சொல்ல யார் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்; கடைசியில் எல்லாருமே போனோம். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "கணக்கில் மறைக்காமல் எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

ஒரே அளவான இரண்டு பட்டைகளைப் போட்டால் செயலி இரு வழியாகத் தரவை எடுத்து விரைந்து இயங்கும். எங்கள் திட்டமும் அதுவே. இரண்டாம் பட்டைக்கு வைத்திருந்த பணம் இப்படிப் போயிற்று. டிடிஆர்4 பட்டை ஒன்றே வாங்க முடிந்தது.

சேமிப்பகத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி. பன்மடங்கு வேகமானது. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு வில்லையாக வரும் என்விஎம்ஈ வகையை வாங்கிப் பலகையிலேயே திருகிவிட்டோம்.

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. விலை மலிந்த கேபினெட்டோடு சேர்ந்து வருவதையே மாட்டிவிடுகிறார்கள். அது பழுதானால் தன்னோடு தாய்ப்பலகையையும் கெடுத்துவிடக்கூடும். 450 வாட் என்று நாங்கள் எழுதியதைக் கண்ட தாயார் ஒருவர், மின்கட்டணம் ஏறுமே என்று கவலைப்பட்டார். அப்படியில்லை. 450 என்பது அது தரக்கூடிய உச்ச அளவு. உறுப்புகள் கேட்கும் அளவே செலவாகும். உறுப்புகள் 120 வாட் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 80 திறனுள்ள வழங்கி அதற்காக 150 வாட் இழுக்கும். மீதி 30 வாட் வெப்பமாகப் போய்விடும். 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை இந்தத் திறனைத்தான் குறிக்கிறது. அம்முத்திரை உள்ளதையே வாங்கினோம்.

கேபினெட்டைப் பற்றி எழுத அதிகமில்லை. பலகையின் அளவு கொள்ள வேண்டும், காற்று புக வழி வேண்டும். பழைய திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை அப்படியே உதவின.

மென்பொருளுக்குப் பணம் மிஞ்சவில்லை. சென்னையிலுள்ள சி-டாக் மையம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' இலவசமானது, தமிழிலும் இயங்குவது. அதையே நிறுவினோம். ஒரு சனிக்கிழமை காலை தொடங்கி, கம்பிகளை இருமுறை சரிபார்த்து, மாலை ஜெபமணிக்குச் சற்று முன்பு பொத்தானை அழுத்தினோம். திரையில் எழுத்து வந்தது.

இப்போது விடுதிப் பிள்ளைகள் முறைவைத்து அதைப் பயன்படுத்துகிறார்கள். பலகையில் நினைவகத்துக்கான இரண்டாம் காடி காலியாகவே இருக்கிறது. உறை பிரித்த டிடிஆர்5 பட்டை ஆய்வுக்கூட அலமாரியின் மேல்தட்டில் உள்ளது. அடுத்த கணிப்பொறியைக் கூட்டும் தங்கையர் அதற்குப் பொருந்தும் பலகையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.