கடமான்

உலகில் வாழும் மான் இனங்களுள் மிகப் பெரியது மூஸ் என்பதாகும். வட அமெரிக்கா, வட ஐரோப்பா, உருசியா ஆகிய குளிர் நாடுகளில் வாழும் அம்மான் குதிரையினும் உயரமாக வளரும். நம் நாட்டு மான்களுள் அத்தகைய தலைமை கடமானுக்கு உரியது. தென்மாவட்டத்தார் இதனை மிளா என வழங்குவர்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கில், கருநாடக எல்லையை ஒட்டி ஓசூர் நகரம் அமைந்துள்ளது. ஆலைகளும், சரக்கு வண்டிகள் ஓயாது ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையும் அந்நகரின் அடையாளங்கள். அதற்குத் தெற்கே தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி முதலிய ஊர்களை அடுத்துக் குன்றும் பள்ளத்தாக்குமாய்க் காவிரிக்கரை வரை காடு நீண்டு கிடக்கிறது. அக்காடே அங்குள்ள கடமான்களின் உறைவிடம்.

நன்கு வளர்ந்த ஆண் கடமான் தோளளவில் ஏறத்தாழ 5 அடி உயரமிருக்கும். அதன் எடை 200 கிலோவுக்கு மேற்பட்டு 300 கிலோவையும் எட்டுவதுண்டு. பெண்மான் அதனினும் சிறியது. உடலில் பழுப்பு நிறமான முரட்டு மயிர் அடர்ந்திருக்கும். புள்ளிமானுக்கு உள்ளது போன்ற வெண்புள்ளிகள் இதற்கு இல்லை. கொம்பு ஆணுக்கே உண்டு. முதிர்ந்த மானின் ஒவ்வொரு கொம்பும் மும்முனையாகக் கிளைத்திருக்கும். பழைய கொம்பு உதிர்ந்தபின் புதிய கொம்பு மென்தோல் போர்த்து முளைக்கும். அது முற்றியதும் மான் அதனை மரத்தில் உரைத்துத் தோலை நீக்கிக்கொள்ளும்.

கடமான் பெரும்பாலும் தனித்தோ, சிறு கூட்டமாகவோ வாழும். பகலில் புதர் நிழலில் படுத்திருந்து, அந்தி சாய்ந்தபின் புல்லும் தழையும் உதிர்ந்த கனிகளும் தேடி மேயும். நீரில் இதற்கு விருப்பம் மிகுதி. சேற்றில் புரண்டு மகிழும், நன்றாக நீந்தும். செந்நாய்கள் துரத்தும்பொழுது நீர்நிலைக்குள் இறங்கி நிற்பதும் உண்டு. பெண்மான் ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே கன்றை ஈனும்.

இம்மானின் செவியும் மூக்கும் மிகக் கூர்மையானவை. சிறுத்தை பதுங்குவதை உணர்ந்தவுடன் முன்காலால் நிலத்தை உதைத்து, வாலை உயர்த்தி, உரத்த குரல் எழுப்பும். மறைந்து பாய்வதே சிறுத்தையின் வலிமையாதலின், அதன் மறைவு வெளிப்பட்டபின் அவ்வலிமை பயன்படாது. அக்குரல் கேட்ட பிற விலங்குகளும் விழிப்படையும். தனித்து வாழினும் இம்மான் காட்டுக்கே காவலாகும்.

வேட்டையும், காட்டின் சுருக்கமும், ஊர்நாய்களின் துரத்தலும் இதற்குப் பெருங்கேடுகள். 2008ஆம் ஆண்டு முதல் இது அழிவுக்கு இலக்காகக்கூடிய உயிரினமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் மதிக்கப்பெறுகிறது. இதனை வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஓசூர்ப் பகுதிக் காடுகளைக் காக்க, 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022ஆம் ஆண்டில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் தமிழக அரசால் அமைக்கப்பெற்றன. எல்லைக்கு அப்பால் கருநாடகத்துப் பன்னர்கட்டாக் காடும், காவிரிச் சரணாலயமும் இவற்றோடு தொடர்ந்துள்ளன.

மாநில எல்லை மனிதர் வகுத்தது. மானுக்கு அஃது இல்லை. கோடையில் ஓடை வற்றினால் நீருள்ள இடம் நோக்கி அது நடந்தாக வேண்டும். அவ்வழியில் வேலியும் சாலையும் குறுக்கிட்டால், எஞ்சிய காடு எத்துணைப் பரந்திருப்பினும் அதற்குப் பயன் இல்லை. ஆலைகள் மக்களுக்கு வாழ்வளிப்பன. காடு மக்களுக்கும் மாவுக்கும் மழையும் நீரும் காத்தளிப்பது. இரண்டும் தத்தம் எல்லையில் நின்று வாழுமாறு பேணுதல் அப்பகுதி மக்களின் கடமையாகும்.