பசளை இடுமுன் வானிலையையும் வயற்குறிப்பையும் சேர்த்துப் பார்த்தல்

“மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது” என்பது பழமொழி. இன்று வளிமண்டலவியல் திணைக்களம் செய்மதிப் படங்களையும் கணினியையும் துணைக்கொண்டு நாள்தோறும் வானிலை எதிர்வுகூறலை வெளியிடுகின்றது. ஆயினும் அவ்வறிவித்தல் பரந்த பிரதேசத்துக்கு உரியது. உங்கள் வயலின் தன்மையை அது கூறாது. அதனை அறிந்தவர் நீங்களே. இவ்விரு அறிவையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை கீழே விளக்கப்படுகின்றது.

இதன் அவசியம்

வரக்காப்பொல ஈரவலயத்தைச் சேர்ந்த இடமாகும். சிறுபோகத்தில் தென்மேற்குப் பருவமழையும், பெரும்போகத் தொடக்கத்தில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் இங்கு பலமாகப் பெய்யும். ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லீற்றர் நீராகும். ஓர் இரவில் 40 மில்லிமீற்றர் பெய்தால் 160,000 லீற்றர் நீர் ஏக்கரில் விழும். யூரியா நீரில் எளிதிற் கரைவதால், வரம்பு மேவும் நீருடன் அதுவும் சென்றுவிடும்.

மாலையில் யூரியா இட்டு, அன்றிரவே பெருமழை பெற்ற வயலொன்றை யான் பார்வையிட்டதுண்டு. மேல்வயல் வெளிறி நின்றது. கீழ்வயலோ அளவு மீறிக் கருமை கொண்டு, கபில நிறத் தத்திக்கு இடங்கொடுத்தது. ஒருவரின் பணம் இருவருக்கும் நட்டமாயிற்று. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது ஒரு பிடி யூரியாவின் பெறுமதியை நாம் யாவரும் அறிந்தோம்.

செய்யவேண்டியவை

1. நேர்ச்சுவருள்ள தகரப் பேணியொன்றை மரநிழல் படாத வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் ஆழத்தை அளந்து கொப்பியில் எழுதுக.

2. நட்ட அல்லது விதைத்த திகதி, பசளையின் அளவு, பீடைகள், விளைச்சல் ஆகியவற்றையும் அதே கொப்பியிற் குறிக்குக.

3. பசளை இடும் நாள் நெருங்கும்போது எதிர்வுகூறலைக் கேளுங்கள். பலத்த மழை கூறப்படின் இரண்டொரு நாள் பிற்போடுக. மழை பொய்த்தால் நட்டம் இரு நாள். பெய்தால் நட்டம் பசளை முழுவதும்.

4. இடுமுன் வரம்பின் உடைப்புகளை அடைத்து, வயல்நீரைக் குறைத்துக்கொள்க.

5. மரக்கறிக்குப் பீடைநாசினி தெளிப்பதற்கும் இவ்விதியே பொருந்தும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு

எல்லோரும் ஒரே காலத்தில் போஞ்சியை நட்டால் சந்தையில் விலை வீழும். விவசாயத் திணைக்களத்தின் ‘கிரொப்பிக்ஸ்’ முறையில் போதனாசிரியர்கள் பயிரிடப்பட்ட பரப்பைத் திரட்டுகின்றனர்; அதிலிருந்து வரப்போகும் விளைச்சல் மதிப்பிடப்படுகின்றது. ஆகவே விதை வாங்குமுன் உங்கள் போதனாசிரியரிடம் விசாரியுங்கள். 1920 என்னும் இலக்கத்திலும் விவசாய ஆலோசனை பெறலாம்.

எதிர்வுகூறல் சில வேளை தவறும். அதனாலேயே கொப்பி வேண்டும். சில போகங்கள் எழுதியபின், எந்த மழைக்கு உங்கள் வரம்பு மேவும், எந்த மழையை அது தாங்கும் என்பதை நீங்களே கண்டறிவீர்கள். வரும் போகத்திலேயே தொடங்குக.